முன்வாங்கில் இரண்டு இடம்

என் அன்பு றோசா மாமி,

ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருவது: குருநகரைப் பிறப்பிடமாகவும் உங்கள் குசினிக் கூரையை வசிப்பிடமாகவும் கொண்ட செவலைச் சேவல், கடந்த ஞாயிறு குழம்பாகிவிட்டது. உற்றார் உறவினர் கோப்பையும் கையுமாகக் கலந்துகொண்டனர். தொடை எனக்கு.

மற்றச் செய்திகள் அவ்வளவு ருசியில்லை, மாமி.

முன்பு சனிக்கிழமைகளில் அம்மா எங்களை உங்கள் படலையில் விட்டுவிட்டுப் போவார். அரை மணித்தியாலம் கழித்து அப்பா வந்து கூட்டிப்போவார். பிரிந்த இருவரும் முகம் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அம்மாவுக்கென்று அப்பா என்னிடம் சேதி சொல்லிவிட்டால், "உவன் என்ன தபால்காரனோ? நீயே போன் எடுத்துக் கதையடா" என்று உங்கள் தம்பியையே ஏசுவீர்கள்.

நீங்கள் கண்மூடியபின் எங்களைக் கைமாற்றுவது பஸ் நிலையத்தில்தான். ஒரு கரையில் அம்மா, மறுகரையில் அப்பா, நடுவில் நானும் தங்கச்சி ஜெசியும். தபால் வேலையும் எனக்கே வந்தது.

"சொன்ன நேரத்துக்கு வரத் தெரியாட்டி வரவே வேண்டாமெண்டு கொப்பரிட்டைச் சொல்லு."

அப்பாவிடம் நான் சொன்னது: "வேலை கூடவோ எண்டு அம்மா கேட்டவ."

"இனி எனக்குப் போன் எடுக்க வேண்டாமெண்டு கொம்மாட்டைச் சொல்லு."

அம்மாவிடம்: "உங்கடை மீன்குழம்பு மாதிரி வராதாம். ஒருக்கால் கிடைக்குமோ எண்டு அப்பா கேட்டவர்."

எப்படி என் கெட்டித்தனம்? எல்லாம் ஜெசிக்காகத்தான். ஒன்பது வயதுப் பிள்ளை, கேட்கக் கேட்க முகம் மலரும். நான் பெரியவன், இதையெல்லாம் நம்புவேனா?

பிறகு ஜெசி முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் முதல் நன்மை நாள் வந்தது. கோயிலின் முன்வாங்கில் அம்மாவும் அப்பாவும் இருக்க இரண்டு இடம் பிடித்து வைத்திருந்தோம். கோயில் வாசலில் அம்மா, அப்பாவிடம் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை நீட்டினார்.

"மீன்குழம்பு. நீங்கள் கேட்டதெண்டு..."

"நானோ? நான் எப்ப கேட்டனான்?"

அம்மாவின் கை நீட்டியபடியே நின்றது. அந்த முகத்தை எப்படி எழுதுவேன், மாமி? பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா போய்க் கடைசி வாங்கில் இருந்தார். அப்பா வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். வெள்ளைச் சட்டையும் பூமுடியுமாக ஜெசி என் கையைச் சுரண்டினாள்.

"அண்ணை, அப்ப மீன்குழம்பும் பொய்யோ?"

நீங்கள் இருந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

அன்று பின்னேரமே இருவரிடமும் சொல்லிவிட்டேன்: "இனி நீங்களே கதையுங்கோ." நேற்று அம்மா தானே அப்பாவுக்குப் போன் எடுத்தார். சண்டைதான். ஆனால் நடுவில் நாங்கள் இல்லை. இனி உறைப்புச் சேதியும் காவமாட்டேன், இனிப்புச் சேதியும் காவமாட்டேன். ஜெசி கேட்டால் உள்ளதைச் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இன்னொன்று. சொல்ல வெட்கமாயிருக்கிறது. முன்வாங்கில் ஜெசி பிடித்தது அப்பாவுக்கு ஒரு இடம்தான். அதற்குப் பக்கத்திலேயே அம்மாவுக்கென்று பாட்டுப் புத்தகத்தை வைத்து, பூசை முடியும்வரை யாரையும் இருக்கவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

பூட்டிய உங்கள் படலையைச் சனிக்கிழமைகளில் ஒருக்கால் தட்டிவிட்டுப் போகும்
மருமகன்,
அன்ரன்