பஞ்சில் வந்த பச்சை

ஐப்பசி, செவ்வாய் இரவு

இன்று மத்தியானம் கரண்ட் வந்ததும் பேத்தி நிவேதா அவள் அப்பனுடைய வீடியோ கேம் கேசட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். என் மகன் செந்தில் தவறிப்போனபோது இவள் தொட்டிலில் கிடந்தாள். ஓடாமல் கிடந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓட வைத்துவிட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. என் பேத்தியாக்கும். கார் ஓட்டுகிற கேசட் ஒன்றுதான் மிச்சம்.

அதைத் திருகு கழற்றிக் காட்டினாள். உள்ளே செம்புப் பற்களெல்லாம் பச்சை பூத்திருந்தன.

"அப்பா ஊதி ஊதியே இப்படி ஆயிருக்குதுங்க அப்பத்தா. மூச்சுல இருக்கற ஈரந்தான்."

படம் வராதபோதெல்லாம் செந்தில் கேசட்டை உருவி ஊதுவான். "அடுப்பாடா ஊதறே?" என்று கேலி செய்வேன். அவன் மூச்சு இத்தனை வருஷமாக அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் போயிற்று.

அவள் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது ஒண்ண மட்டும் உட்டுரு அம்மணி."

"தொடைக்காட்டி ஓடாதுங்க அப்பத்தா. அப்பா வெளையாண்டத நானும் ஒருக்கா வெளையாடோணும்."

பிடித்த கையை விட்டேன்.

"செரி, தொடை கண்ணு."

துடைத்துச் செருகியதும் டிவியில் அந்தக் கார் கேமின் பழைய பாட்டு வந்தது. அவள் கைதட்டிக் குதித்தாள். நானும் சிரித்தேன். அவள் கீழே போட்ட பஞ்சை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

இப்போது அவிழ்த்து வைத்திருக்கிறேன். பச்சை அப்படியே ஒட்டியிருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். ஸ்பிரிட் வாசம்தான் அடிக்கிறது.