உங்களுக்காக நான் சொன்ன சம்மதம்

என் உயிருக்கு உயிரானவரே,

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. எழுதவும் கை வரவில்லை. நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில் பாதையில் தண்டவாளம் தூக்குகிறவர்களுக்குக் குரல் கொடுத்தவர் நீங்கள். அந்தக் குரலுக்குத்தான் எல்லோரும் ஒன்றாகத் தூக்குவார்கள். அது மெலிந்து மெலிந்து, பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காமல் போனது. கையும் நடுங்கியது. ஒரு நாள் பாதிப் பேர் தூக்க, பாதிப் பேர் நிற்க, தண்டவாளம் சரிந்தது. "என்னய்யா, காலையிலேயே கள்ளா?" என்றார் கங்காணி. கள்ளைத் தொடாத மனுஷன் நீங்கள். அதைச் சொல்லவும் உங்களுக்குக் குரல் எழும்பவில்லை.

நான் சாமி குற்றம் என்று நினைத்தேன். பழைய வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்தது. தைப்பூசத்தன்று பத்துமலைக் கோயிலில் உங்கள் கன்னத்திலும் நாக்கிலும் வேல் குத்தி வாய்ப்பூட்டுப் போட வைத்தேன். மிச்சமிருந்த நாலு வார்த்தையையும் நானே பூட்டிவிட்டேனா?

பிறகுதான் ஆஸ்பத்திரி. வெள்ளைக்கார டாக்டர் பேசியதை, அங்கே மருந்து கட்டும் டிரஸர் தமிழில் சொன்னார். "நாக்குல ஒண்ணுமில்லண்ணே. அதை ஆட்டுற மூளையிலதான் கோளாறு. மருந்து கிடையாது. நீங்க தவறிட்டா மூளையை எடுத்துப் பாக்கலாமான்னு தொரை கேக்குறாரு. நீங்களே சொல்லுங்க."

உங்கள் உதடு துடித்தது. எச்சில் வழிந்தது. கடையிலும் கங்காணியிடமும் உங்களுக்குப் பதிலாக நானே பேசிப் பழகியிருந்தேன். "சரிங்கிறாருங்க" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்?

சாவு வீட்டில் உங்கள் தம்பி கத்தினார். "உடைச்சுப் பாக்க அண்ணன் தலை என்ன தேங்காயா அண்ணி? யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"உங்கண்ணன்தான் சம்மதிச்சாரு" என்றேன். பொய்யா, நிஜமா, எனக்கே தெரியாது. அன்றிலிருந்து அவர் என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

போன வாரம் டிரஸர் சொன்னார். மூளைக்குள்ளே கறுப்பாக இருக்க வேண்டிய சின்ன இடம் வெளுத்துக் கிடந்ததாம். அது ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லையாம். கள்ளும் இல்லை, சாமி குற்றமும் இல்லை. இது தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது?

உங்கள் கதையைக் கேள்விப்பட்டு, ரவாங் ஊரிலிருந்து ஒருத்தி தன் புருஷனை என்னிடம் கூட்டி வந்திருக்கிறாள். அவருக்கும் உங்களைப் போலவே பேச்சு வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போகிறேன். அவரிடமும் டாக்டர் அதையே கேட்கலாம். அவர் பதில் சொல்ல எத்தனை நேரமானாலும், அவள் முந்திக்கொள்ள விடமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் வாயாக இருந்த பெண்டாட்டி,
அஞ்சலை