சிவப்பிக்கும் நீலிக்கும் நடுவில் என்ன?

மார்ச் 3

இன்றும் ஓரகத்தியோடு சண்டை. சொத்துக்கா, மாமியாருக்கா? இல்லை, ஜப்பான் கார்ட்டூனுக்கு. ரிப்பனைச் சுழற்றினால் மந்திரசக்தி வருகிற இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள். எங்கள் வீட்டில் அவர்களுக்குப் பெயர் சிவப்பி, நீலி. பார்க்க ஆரம்பித்ததென்னவோ பிள்ளைகள்தான். அவர்கள் விடுதிக்குப் போய்விட்டார்கள். மாடியில் நானும் கீழே ஓரகத்தி சின்னவளுமாக இரண்டு அம்மாக்கள் மாட்டிக்கொண்டோம்.

நான் காதல் கட்சி. அவள் போட்டிக் கட்சி.

"அக்கா, நீலி சிவப்பி தலையில இடியை இறக்கப் பாத்தா! இதுல காதல் எங்கேருந்து வந்துச்சு?"

"குறி தப்பிச்சுல்ல? வேணும்னேதான் தப்ப விட்டா."

"ரெண்டு பேர் முறைச்சுக்கிட்டாலே உங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிச்சாகணும்."

மார்ச் 6

வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் கருத்துக்கணிப்பு எடுத்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்தவரிடம் முழுக் கதையும் சொல்லி, "காதல்தானே?" என்றேன். வாய் நிறையப் பஞ்சு. மறுக்கவில்லை. எனக்கு ஓர் ஓட்டு.

மார்ச் 11

கொழுந்தனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். மாதக் கடைசியில் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள்.

அப்பாடா. மொட்டை மாடிக் கொடி முழுக்க இனி எனக்கே.

மார்ச் 12

முழுக் கொடிக்கும் காயப்போட அவ்வளவு துணி யாரிடம் இருக்கிறது?

மார்ச் 20

கடைசி எபிசோடு வந்துவிட்டது. ஞாயிறன்று சேர்ந்துதான் பார்ப்பது, அதுவரை யாரும் தொடக்கூடாது என்று சத்தியம்.

பார்த்துவிட்டேன். குளியலறையில், வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து. வாதத்துக்குத் தயாராக வேண்டாமா?

மார்ச் 23, ஞாயிறு

மானம் கப்பலேறியது. நல்லவேளை, என்னுடையது மட்டுமல்ல.

சண்டைக் காட்சியில் நான் கொஞ்சம் முந்திக்கொண்டு கண்ணைத் துடைத்துவிட்டேன். சின்னவள் திரும்பினாள்.

"என்னக்கா, சிவப்பி இன்னும் கீழ விழவே இல்லையே?"

"அவ விழப்போறான்னு உனக்கு எப்படிடீ தெரியும்?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் கொழுந்தன் பதறி ஓடிவந்தார்.

கடைசியில் விழுந்துகிடக்கும் சிவப்பியிடம் நீலி கையை நீட்டுகிறாள், திரை இருண்டுவிடுகிறது. கையைப் பிடிக்கவா, ரிப்பனைப் பறிக்கவா? படத்தை நிறுத்திவைத்து, டி.வி.யில் மூக்கு இடிக்க நின்று, விரல் விரலாக ஆராய்ந்தோம். பிடிக்கத்தான் என்றேன். பறிக்கத்தான் என்றாள். திடீரென்று அவள் குரல் இறங்கியது.

"அங்க போய் நான் யாரோடக்கா சண்டை போடுவேன்?"

ரிமோட்டை எடுத்து அந்தக் காட்சியை மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன்.

மார்ச் 31

லாரி போய்விட்டது. கீழ்வீட்டில் பேசினால் எதிரொலிக்கிறது. பேசிப் பார்த்தேன்.

மே 9

சின்னவளின் புது வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு நாளுக்கென்று வந்தது. கொண்டுவந்த உடுப்பெல்லாம் தீர்ந்து, இப்போது அவளுடைய நைட்டிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். கார்ட்டூனின் இரண்டாம் பாகம் வேறு ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்காரர் போன் செய்தார். "எப்ப வர்றே?"

"ஒரு பேச்சு பாதியில நிக்குதுங்க."

"அது எப்ப முடியும்?"

சமையலறையிலிருந்து அவள் குரல் கொடுத்தாள். "அக்கா தோத்துட்டேன்னு சொன்ன அடுத்த நிமிஷமே அனுப்பிவைக்கிறேன், மாமா!"

நானா? சொல்வேனா?