மலர் ஊர் திரும்புவாளா

2024 மார்ச் 1, வெள்ளி

இன்று நம் முறைத் தண்ணீர். காலை ஆறிலிருந்து பத்து வரை வாய்க்கால் நமக்கு. தென்னைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, என் மகள் அனு மீதி வைத்த நோட்டில் எழுதுகிறேன். அவள் போய் நாற்பத்தொரு நாள்.

அவள் போன் ஓயவில்லை. போனிலேயே தொடர்கதை எழுதினாள், பன்னிரண்டு பாகம். மலர் என்ற பெண் லீவில் இத்தாலிக்குப் போய் ஏரிக்கரை ஓட்டலில் தங்குகிறாள். சாப்பிடுகிறாள், படகில் போகிறாள், சிரிக்கிறாள். அவ்வளவுதான் கதை. அனு இல்லை என்பது படிக்கிறவர்களுக்குத் தெரியாது. 'அடுத்த பாகம் எங்கே?' என்று கேட்கிறார்கள்.

மார்ச் 3, ஞாயிறு

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ஒரு பாகம் படிக்க அரை நாள் ஆகிறது. ஆனாலும் நானே படிப்பேன்.

மார்ச் 5, செவ்வாய்

கதைக்குக் கீழே ஜனங்கள் எழுதியதையும் படித்தேன். ஒருத்தி: 'பஸ்ல படிப்பேன். ஸ்டாப் வந்தாலும் இறங்க மனசு வராது.' இன்னொருத்தி: 'வேலைவெட்டி இல்லாதவங்க கதை.' ராஜபாளையத்திலிருந்து சங்கையா என்று ஒருவர். எல்லாப் பாகத்துக்கும் குறை. 'கதாநாயகிக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இதெல்லாம் கதையா?' குறை சொல்லிக்கொண்டே பன்னிரண்டையும் படித்திருக்கிறார், விடவில்லை!

மகன் சிவப்பிரகாஷுக்குப் பொறுக்கவில்லை. "செத்துப்போன புள்ளையத் திட்டறானுங்க. எல்லாத்தையும் அழிச்சுப் போடறேன், போனைக் குடும்மா."

"கை வெச்சுப் பாரு," என்றேன். போனை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

கஷ்டம் இல்லையாம். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் போன். எதிர்ச் சுவரில் ஏரிப் படம் மாட்டியிருந்தது. அது இத்தாலி என்று நர்ஸ் பெர்சிதான் சொன்னாள். நானும் கேட்டேன், "கண்ணு, கொஞ்சம் அழுகாச்சியும் வெச்சு எழுதேன்" என்று. "அதைத்தான் பக்கத்துப் பெட்டுக்காரங்க சொல்லீட்டே இருக்காங்களே. நான் வேற எழுதோணுமா?" என்றாள்.

மார்ச் 8, வெள்ளி

தண்ணீர் கட்டிவிட்டு வந்து ஆறாம் பாகம். எத்தனையோ நாளைக்கப்புறம் சத்தமாகச் சிரித்தேன். ஓட்டல்கார அம்மா, ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டு, 'இன்னைக்கு நம்ம முறைங்க' என்று மம்பட்டியோடு எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போகிறாள். கீழே சங்கையா: 'இத்தாலியில் முறைத் தண்ணீரா? எழுதறதுக்கு முன்னால விசாரிக்க வேண்டாமா?'

அது நான்தானுங்க! முறை தப்பினால் அடுத்த வெள்ளி வரைக்கும் காய வேண்டும். அனுவைப் பெண் பார்க்க வந்தவர்கள் இலையில் உட்கார்ந்திருக்கும்போதே மம்பட்டியைத் தூக்கியவள் நான். அனு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மனதில் வைத்திருந்து எழுதிவிட்டாளே, கள்ளி.

மார்ச் 10, ஞாயிறு

பன்னிரண்டாம் பாகம் முடித்தேன். லீவு தீர்ந்து மலர் டிக்கெட்டோடு படகுத்துறையில் நிற்கிறாள். அங்கேயே நிற்கிறது கதை.

'ஊருக்கு வா மலர், அம்மா தனியா இருப்பாங்க' என்று பாதிப் பேர். 'வந்துடாதே, அங்கேயே இரு' என்று பாதிப் பேர். அனு என்ன நினைத்திருந்தாளோ, யாரிடமும் சொல்லவில்லை.

"நீயா எழுதப் போறே?" என்றான் சிவா.

"வேற ஆரு எழுதறது?"

மார்ச் 13, புதன்

எழுதினேன். மலர் பிளேன் ஏறினாள். கோயமுத்தூரில் இறங்கினாள். ஊட்டுக்கு வந்தாள். அம்மா காபி வைத்துக் கொடுத்தாள் —

கிழித்துவிட்டேன். இது எனக்கு வேண்டிய கதை. எத்தனை தடவை எழுதினாலும் வரமாட்டாளே. வரமாட்டாளே சாமி.

மார்ச் 14, வியாழன்

காலையில் மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை சரியாக வந்தது.

மார்ச் 16, சனி

போனில் அடிக்க ஒற்றை விரல்தான் பழக்கம். விரல் நோகிறது. நோகட்டும்.

மார்ச் 17, ஞாயிறு

போட்டாயிற்று. எந்த இடத்தை அமுக்குவது என்று சிவாதான் காட்டினான். அழிக்கிற பேச்சு இல்லை. மேலே இப்படி எழுதினேன்: 'அனுப்பிரியா ஜனவரி 20-ல் இறந்துவிட்டாள். இது அவள் அம்மா எழுதியது.'

மலரை நான் கூட்டி வரவில்லை. டிக்கெட்டை ஏரியில் விட்டுவிட்டு, ஓட்டல்கார அம்மாவிடம் மம்பட்டியை வாங்கிக்கொண்டு எலுமிச்சைக்குத் தண்ணீர் கட்டப் போகிறாள். ஒரு கஷ்டமும் வைக்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

நிறையப் பேர் கும்பிடுகிற கையைப் போட்டிருக்கிறார்கள். ஒருத்திக்கு, மலருக்குப் படகுக்காரனைக் கட்டி வைக்கவில்லை என்று கோபம். 'அம்மாவை விட்டுட்டு இருப்பாளா, நம்ப முடியலை' என்கிறாள் இன்னொருத்தி. நம்பாவிட்டால் போகட்டும்.

சங்கையாவை ஐந்து நாளாகக் காணோம். இன்று காலையில்தான் எழுதியிருந்தார். குறை ஒன்றும் இல்லை. ஒரே கேள்வி: 'ஊரில் மலரோட அம்மா இப்போ என்ன செய்றாங்க?'

ஆறு மணி ஆகப்போகிறது. நின்றபடியே பதில் அடித்தேன்.

'இன்னைக்கு அவங்க முறைங்க. தண்ணி கட்டப் போயிட்டாங்க.'

மம்பட்டியை எடுத்தேன்.