தடவிப் பார்க்காத கயிறு

18-11-1971, வியாழன்

இன்று பட்டறை ஷெட்டில் எல்லார் முன்னாலும் என் கால்சட்டை பின்பக்கம் கிழிந்தது. பட்டாளத்து ஜீப்புகளுக்கு மண்வெட்டி, சங்கிலி, சேற்றில் மாட்டினால் இழுக்கிற கம்பிக்கயிறு எல்லாம் கட்டிக்கொண்டிருந்தோம். குனிந்தேன், டர்ரென்றது. "அண்ணாத்தே, பின்கதவு தொறந்துகீது!" என்றான் வெல்டர் தாஸ். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஐம்பது வயதுத் தொந்தியை அந்தத் துணியும் எவ்வளவுதான் தாங்கும்?

கம்பிக்கயிற்றைக் கந்தல் துணியால் தடவிப் பார்ப்பது என் வேலை. ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். அந்தக் கந்தலைத்தான் இடுப்பில் செருகிப் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டேன். அந்தக் கூச்சத்தில் கடைசி ஜீப்பின் கயிற்றைத் தடவாமலே, பார்த்தாயிற்று என்று சோதனை அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நினைவு வந்தபோது ஜீப்புகள் கூட்ஸ் வண்டியில் ஏறிப் போய்விட்டிருந்தன. இழுக்கும்போது கயிறு அறுந்தால் சாட்டை மாதிரித் திரும்பி ஆளை வெட்டும். மேஸ்திரியிடம் சொன்னால் வழியில் தந்தி கொடுத்து நிறுத்தலாம். என் வேலையும் போகும். இரண்டு முறை அவரிடம் போனேன். இரண்டு முறையும் கால்சட்டையைப் பற்றிப் பேசிச் சிரித்துவிட்டுத் திரும்பினேன்.

வீட்டில் மகள் மரகதம் சோறு போட்டாள். மாப்பிள்ளை பட்டாளத்தில் ஜீப் ஓட்டுகிறார். கடிதம் வந்து ஒரு மாதமாகிறது.

"நைனா, நீ பாத்து அனுப்புற கவுறுதானே அவருக்கும் போவும்? அதான் நான் தெகிரியமா கீறேன்" என்றாள்.

தலையாட்டினேன். 'ஒண்ணைப் பாக்கல கண்ணு' என்பதைச் சோற்றோடு விழுங்கிவிட்டேன்.