கேட்காமல் அடித்த நான்காம் அத்தியாயம்

அன்புள்ள குட்டிக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் உன் வலது மணிக்கட்டும் சௌக்கியம்தானா? சௌக்கியம் என்று எழுதிவிட்டேனே தவிர மூன்று நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. நேற்று நம் டைப்பிங் கடையில் ஒருவருடைய வாடகை ஒப்பந்தத்தை மூன்று தடவை தப்பாக அடித்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், இருபத்தெட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கீபோர்டில் உட்கார்ந்தால் கை அதுபாட்டுக்கு ஓடும், மனசு எங்கேயோ போய்விடும், பேனா என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் நான் கூடவே நின்றாக வேண்டியிருக்கிறது. கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் உன் கை. டாக்டர் போட்ட பட்டையைக் கழற்றாதே, ஆறு வாரம் என்றால் ஆறு வாரம். இரண்டு விரலால் கோழி கொத்துகிற மாதிரி கொத்தி நாவல் எழுதாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், டைப்பிஸ்ட் பெற்ற பெண் இப்படி அடிக்கிறாள் என்று கடையில் தெரிந்தால் சிரிப்பார்கள். கை சரியானதும் பத்து விரலையும் பழக்கு. தமிழ் கீபோர்டில் இடது ஆள்காட்டி விரல் மெய்யெழுத்துக்கு வைக்கிற புள்ளியின் மேல், வலது ஆள்காட்டி விரல் ப மேல், அந்த இரண்டிலும் சின்ன மேடு இருக்கும், தடவிப் பார். உயிரெழுத்தெல்லாம் இடது கை, க, ப, ம, த எல்லாம் வலது கை. மணிக்கட்டை மேஜையில் அழுத்தாதே, குனிந்து விரலைப் பார்க்காதே. முதல் பதினைந்து நாள் ஆமை வேகம்தான், அழுகை வரும், பழைய இரண்டு விரலுக்கே ஓடிவிடலாம் என்று தோன்றும், ஓடாதே. எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது வாக்கியம் கிளம்பிப் போய்விடுகிறது என்று நீதானே புலம்பினாய், விரலுக்கு இடம் தெரிந்துவிட்டால் வாக்கியம் எங்கேயும் போகாது.

கை சரியாகும்வரை நீ வாயால் சொல்லி போனில் பதிவு செய்து அனுப்பு, நான் அடித்துத் தருகிறேன் என்று மார்தட்டிக்கொண்டு சொன்னதும் நான்தான். ஆனால் எங்கள் தொழிலில் அர்த்தத்தைக் கேட்கக் கூடாது, கேட்டால் கை தடுமாறும். விவாகரத்து மனுவைச் சொல்லச் சொல்ல எதிரே ஒருவர் அழுவார், நான் காற்புள்ளியை எங்கே வைப்பது என்று யோசிப்பேன். காதில் விழும், விரலில் இறங்கும், நடுவில் எங்கேயும் தங்காது. உன் நாவலையும் அப்படித்தான் அடித்தேன். நான்காம் அத்தியாயம் பதினோரு பக்கம், ஒரு தப்பில்லை, உடனே உனக்கு ‘நல்லாருக்கு, அப்புறம்?’ என்று செய்தி வேறு அனுப்பினேன்.

பிழை பார்க்க அப்பா உட்கார்ந்தார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்த மனிதர், ஒரு எழுத்தையும் சும்மா விடமாட்டார். பாதியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ‘நீ இதைக் கேட்டுத்தான் அடிச்சியா?’ என்றார். வாசித்தும் காட்டினார். ஒரு டைப்பிஸ்ட் அம்மா வீட்டில் வேலையைக் கொண்டுவந்து அடித்துக்கொண்டிருக்கிறாள். பத்து வயது மகள் பக்கத்தில் நின்று, தான் எழுதிய முதல் கதையை வாசிக்கிறாள், எந்த மாடியிலும் நிற்காத லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு பூனையின் கதை. அம்மா ‘ம், நல்லாருக்கு, அப்புறம்?’ என்கிறாள். குழந்தைக்குச் சந்தேகம் வந்து, கதையைப் பாதியில் விட்டுவிட்டு அலமாரியில் ஒட்டியிருந்த சாமான் பட்டியலை வாசிக்கிறாள், சோப்பு, பல்பு, உப்பு, துடைப்பம். அதற்கும் அம்மா ‘ம், நல்லாருக்கு, அப்புறம்?’ என்கிறாள். குழந்தை நோட்டை மூடிவிடுகிறாள், பிறகு அம்மாவிடம் எதையும் வாசிப்பதே இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதைதானே, கற்பனையா இருக்கும் என்று அப்பா சமாதானம் சொன்னார். எனக்கு அப்படி ஒரு நாள் நினைவிலேயே இல்லை, கேட்டிருந்தால்தானே நினைவிருக்கும். முதலில் உன்மேல் கோபம் வந்தது, அம்மாவைப் பற்றி எழுதி அதை அம்மா கையாலேயே அடிக்க வைத்திருக்கிறாளே என்று. மறுபடியும் சோதித்துப் பார்த்தாயா? அப்படியென்றால் மறுபடியும் தோற்றுவிட்டேன். அந்த அம்மாவுக்கு மறுநாள் காலைக்குள் நாற்பது பக்கம் கொடுத்தாக வேண்டும் என்று நடுவில் ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுத்தது, பொய்யும் இல்லை, அந்தக் காலத்தில் எனக்கு முக்கால்வாசி ராத்திரி அப்படித்தான். ஆனாலும் சேர்க்கவில்லை, அது உன் கதை. பதினோரு பக்கத்தையும் ஒரு எழுத்து மாற்றாமல் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்று மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு உன் குரலை முதலிலிருந்து கேட்டேன். மடியில் விரல்கள் சும்மா இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தன. அந்தக் குழந்தை நோட்டை மூடுகிற இடத்தில் உன் குரல் கம்மிப்போகிறது, அடிக்கும்போது நீ தண்ணீர் குடிக்கிறாய் என்று நினைத்திருந்தேன். அங்கேயே அழுதுவிட்டேன், எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நீ இவ்வளவு நன்றாக எழுதுகிறாய் என்று பெருமையாகவும் இருந்தது.

ஐந்தாம் அத்தியாயத்தை எனக்கு அடிக்க அனுப்பாதே. என்னைப் பற்றி எதையெதை எழுதத் தோன்றுகிறதோ எல்லாவற்றையும் எழுது, என் காது வழியாக அது வர வேண்டியதில்லை, நீயே பத்து விரலால் அடி, பதிப்பாளர் காத்திருக்கட்டும். உன் கையும் எழுத்தும் நீண்ட காலம் நன்றாக இருக்க அப்பாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். பதில் போடும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. அந்தப் பூனை கடைசியில் எந்த மாடியில் இறங்கியது?

கேட்டுக்கொண்டிருக்கும்,
உன் அம்மா