ரெயின்கோட் போட்ட எதிர்த்தரப்பு வக்கீலுக்கு

அக்கா, சிங்காநல்லூரில் இன்று காலையிலிருந்தே மழை. பீரோவுக்குள் கிடந்த கறுப்பு ரெயின்கோட்டை எடுத்து உதறினேன். உங்கள் வீட்டுக்காரருடையது, நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் மகன் கொண்டுவந்து கொடுத்தான். ரப்பரும் பாச்சா உருண்டையும் கலந்த அந்த வாடை வந்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழைக்குப் போட்டதைவிட வக்கீல் கவுனாக நீங்கள் போட்டதுதானே அதிகம்!

தொண்ணூறுகளில் நம் மகளிர் சங்கத்துக்கு இருந்ததே மாடியில் ஓர் அறைதான். பலாத்காரத்துக்கு ஆளான பெண்களோடு கோர்ட்டுக்குத் துணை போவது நம் வேலை. அப்படி வந்தவள்தான் துடியலூர்ப் பக்கத்து மில்லில் வேலை பார்த்த அந்தப் பெண். சாட்சிக் கூண்டில் ஏறிய முதல் நாள் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. நீதிபதி வாய்தா போட்டார். அடுத்த முறையும் பேசாவிட்டால் கேஸ் நிற்காது, அதைச் செய்தவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதே தெருவுக்குத் திரும்பி வருவான்.

அவள் அப்பா நம் அறையில் உட்கார்ந்து அழுதார். "விட்டரலாமுங்க, மானம் போவுது."

"போறதுன்னா செஞ்சவனோட மானம் போகட்டுமுங்க" என்றீர்கள்.

அவளுக்குக் குறுக்கு விசாரணை பழக வேண்டும். ஆனால் நடந்ததைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது, சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும் என்று அரசு வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே ரசத்தைப் பற்றி விசாரிப்பது என்று முடிவு செய்தோம்.

சித்திரை வெயிலில் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, வியர்த்து வடிய எழுந்து நின்றீர்கள்.

"ஏனுங்க அம்மணி, நேத்து நீங்க வெச்சது சாம்பாருன்னு நான் சொல்றேனுங்க."

"ரசமுங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்து.

"அப்படியா கண்ணு? நீ சொன்னாச் செரியாத்தான் இருக்கும். காபி குடிக்கிறியா?"

முதல் பதிலிலேயே கட்சி மாறிய எதிர்த்தரப்பு வக்கீலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "மேஜையைத் தட்டிக் கேளுங்கக்கா" என்றேன். தட்டினீர்கள். காபி கொட்டியது. கொட்டிய காபியிடமே மன்னிப்புக் கேட்பது போலப் பதறினீர்கள். அன்றுதான் அந்தப் பெண் சிரிப்பதை முதன்முதலாகப் பார்த்தோம்.

வேறு வழியின்றிக் கோட்டை நான் வாங்கிப் போட்டுக்கொண்டேன். "பொய்! அது சாம்பார்தான்!" என்று கத்தியதுதான் தாமதம், நீங்கள் பாய்ந்து வந்தீர்கள்.

"ஏனுங்க, புள்ளைய இப்புடியா மெரட்டறது?"

அன்று எனக்குக் காபி கிடையாது. அவளோ சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு மேல் கத்தினாள்: "எத்தன வாட்டி கேட்டாலும் ரசந்தானுங்க!"

வாய்தா நாளில் கோர்ட்டுக் கதவை மூடிவிட்டார்கள். அவளோடு ஒருவர் மட்டும் இருக்கலாம் என்றார் நீதிபதி. நான் உள்ளே போனேன், நீங்கள் வராந்தாவில் நின்றீர்கள். அவன் வக்கீல் மேஜையைத் தட்டி, "நீ சொல்றதெல்லாம் கட்டுக்கதை" என்றார். அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எத்தன வாட்டி கேட்டாலும் நடந்தது அதுதானுங்க."

குரல் நடுங்கவில்லை.

வெளியே வந்தால், மேகமே இல்லாத வானத்துக்குக் கீழே ரெயின்கோட்டை மார்போடு அணைத்தபடி நிற்கிறீர்கள். "பேசுனாளா?"

"ரசந்தான்னு சொல்லிப்போட்டாக்கா."

அந்தக் கோட்டிலேயே முகத்தைப் புதைத்து நீங்கள் அழுத அழுகையில், உங்கள் மகனுக்குத்தான் தண்டனை என்று நினைத்து, வாசலில் பெயர் கூப்பிடும் டவாலி ஓடிவந்து ஆறுதல் சொன்னார். தண்டனை பிறகு கிடைத்தது, உரியவனுக்கு.

இன்றும் ஒரு பெண் வந்திருந்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு, சாம்பார்தான் என்று மேஜையைத் தட்டினேன். அவள் கண் கலங்கியதும் என்னை அறியாமல் வாசல் பக்கம் திரும்பினேன், யாராவது பாய்ந்து வந்து என்னைத் திட்டுவார்கள் என்று. யாரும் வரவில்லை. மிரட்டுவதற்கும் நான்தான், திட்டுவதற்கும் நான்தான் இப்போது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அவளுக்குக் காபி போடப் போனேன் அக்கா.